பட்டாளத்துக்காரர் தலைவரான பிறகு

என் கணவர் இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தார். அவர் எல்லையில் இருந்தபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. ஓய்வு பெற்று, கூடுவாஞ்சேரிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்றபோதுதான் பயம் என்னவென்று தெரிந்தது.

நான் பள்ளியில் சரித்திர ஆசிரியை. "அமெரிக்காவுல விடுதலைக்கு சண்டை போட்ட தளபதிங்க அப்பறம் சட்டசபைக்குப் போனாங்கன்னு நீதான பாடம் நடத்துற?" என்று சிரித்தார்.

"அவங்க ஊர்ல ஏரி மண்ணைத் திருடுறவன் இருந்தானான்னு பாடத்துல போடல" என்றேன்.

ஜெயித்துவிட்டார். இரண்டாம் மாதமே ஏரி மண் விஷயத்தைக் கையில் எடுத்தார். எங்கள் ஏரியைத் தோண்டி, முட்டுக்காடு பக்கம் மனைகளை நிரப்ப லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து, அவர் இல்லாத நேரம் பார்த்து ஒருவன் வந்தான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். "அக்கா, அண்ணாத்த தெனம் பைக்ல தனியா போய்கினு வர்றாரு. ஜிஎஸ்டி ரோட்ல லாரிங்க ஜாஸ்தி. பாத்துப் போவச் சொல்லுங்க" என்றான். சொம்பைப் பணிவாக என் கையில் திருப்பிக் கொடுத்தான். அந்தப் பணிவுதான் என்னை நடுங்க வைத்தது.

அன்றிலிருந்து, அவர் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கவே பயம்.

ஒரு சனிக்கிழமை காலை, ஏரியில் மறுபடியும் பொக்லைன் இறங்கியிருப்பதாகச் சேதி வந்தது. தட்டில் இட்லியை அப்படியே விட்டுவிட்டுப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

மண் ஏற்றிய லாரிக்கு முன்னால் நின்றிருந்தார். டிரைவர் இன்ஜினை உறுமவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்தான். ஒரு முழ இடைவெளிதான். போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"நீ ஏன் வந்த? போயிடு" என்றார், திரும்பாமலே. பிறகு தணிந்த குரலில், "கால் நடுங்குது. கையப் புடிச்சுக்கோ."

பிடித்தேன். சில்லென்று வியர்த்திருந்தது.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்கள் மண்வெட்டியோடு இறங்கி வந்தார்கள். ஒருத்தி டிரைவரைப் பார்த்து, "இன்னாடா பாக்கற? எங்க மேலயும் ஏத்துவியா?" என்றாள். இன்ஜின் நின்றது. மதியம் தாசில்தார் வந்து லாரிகளைப் பிடித்துக்கொண்டு போனார். அதன்பின் மண் போகவில்லை.

ஐந்து வருஷத்தையும் உயிரோடு முடித்தார். இப்போது மறுபடியும் நிற்கட்டுமா என்று கேட்கிறார். "மொதல்ல இட்லிய முழுசா சாப்பிடுங்க" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்துகிறேன்.