ஏறாத லிஃப்டும் எதிர்க்கட்சி உறுப்பினரும்

சட்டசபையில் அவருக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஆளுங்கட்சிக்காரர்களும் சரி, அவருடைய கட்சியின் மீதி இரண்டு உறுப்பினர்களும் சரி, அவரை 'அடிக்குறிப்பு' என்றே கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் வரவு செலவுத் திட்டம் பதினோரு தொகுதிகளாக அச்சாகி வரும். மற்றவர்கள் முதல் தொகுதியின் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு மீதியை உதவியாளர் தலையில் கட்டிவிடுவார்கள். இவர் பதினொன்றையும் இரண்டு துணிப்பைகளில் அடைத்து, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுபோவார். பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் கைதட்டலுக்காகப் போட்டது, அரசாங்கம் குடியிருப்பது பொடி எழுத்தில்தான் என்பது அவருடைய வாதம்.

சபைக்கு வருவதற்கு முன்பு இருபத்தாறு வருஷம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். தேர்தலில் நிற்க ஆள் கிடைக்காமல் கட்சி அவரைப் பிடித்து நிறுத்தியது. மனுக்களைச் சரிபார்த்த அன்று, மேசையில் கிடந்த ஆளுங்கட்சி வேட்பாளரின் மனுவைப் பழக்க தோஷத்தில் எட்டிப் பார்த்தவர், தகப்பனார் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றார். திருத்திக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதிகாரி மனுவையே தள்ளுபடி செய்துவிட்டார். எதிர்த்து நிற்க வேறு யாரும் இல்லாததால் இவர் ஜெயித்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, ஏதோ தப்புப் பண்ணிவிட்டவர் மாதிரி வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தார். பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்திருப்பவர். வீட்டில் ஒருவர் ரத்தத்தில் குற்றம் தேட, இன்னொருவர் எழுத்தில் தேட, இருவரும் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் கண்டுபிடிக்க நேரமில்லாமல் முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

அந்த வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஏழாம் தொகுதியில் நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் பென்சில் நின்றது. நிலப் பதிவேட்டு அலுவலகத்துக்கு ஒதுக்கிய தொகைக்கு அடியில் ஒன்பதாவது அடிக்குறிப்பு: 'மேற்படி தொகையில் மின்தூக்கிப் பராமரிப்பும் அதன் இயக்குநர் ஊதியமும் அடங்கும்.' கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அந்த அலுவலகத்துக்கு அவர் வீட்டுப் பத்திரத்துக்காக ஒன்பது முறை நடந்தவர். ஒரு படிக்கட்டுக்கூட இல்லாத, ஒற்றைத் தளக் கட்டடம் அது.

மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்துப் போனார். ஒன்பது முறையும் தான் நின்று திரும்பிய வரிசையைத் தாண்டி, உடைந்த அலமாரிகளையும் கட்டுக் கட்டாகக் கோப்புகளையும் தாண்டி, நடைகூடத்தின் கோடிக்கு வந்தால் அங்கே ஒரு லிஃப்ட் இருந்தது. கதவில் முகம் பார்க்கலாம் போல் பளபளவென்று துடைத்திருந்தது. 'ஆறு பேர் மட்டும்' என்று பலகை. காக்கிச் சட்டை போட்ட, ஐம்பது தாண்டிய ஒருவர் முக்காலியிலிருந்து எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

“எந்த மாடி சார்?”

“எத்தனை மாடிப்பா இருக்கு?”

“பட்டன் நாலு மாடிக்கு இருக்கு சார். மாடிதான் இல்ல.”

லிஃப்ட்காரர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பஸ் வர நேரமாகும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு கதை முழுவதையும் கோர்வையாகச் சொன்னார். ஐந்து தளத்துக்குத்தான் திட்டம் போட்டிருந்தார்களாம். லிஃப்டுக்கான பணம் ஒரு கணக்கிலிருந்தும் கட்டடத்துக்கான பணம் இன்னொரு கணக்கிலிருந்தும் வரவேண்டியிருந்தது. லிஃப்ட் பணம் முந்திக்கொண்டது. வருஷக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் கைவிட்டுப் போகும் என்பதால் தரைத்தளம் எழும்பியவுடன் லிஃப்டை இறக்கிவிட்டார்கள். மாடிக்கான பணம் வழியில் ஒரு பாலத்துக்குப் போய்விட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம். காலை பத்து மணிக்குத் திறப்பார், ஐந்துக்குச் சாத்துவார். பதிவேட்டில் 'ஏற்றம்: இல்லை, இறக்கம்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை பொறியாளர் வந்து சோதித்து, மேல்நோக்கிய இயக்கத்தில் குறை எதுவும் காணப்படவில்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒரே ஒரு மனக்குறைதான் அவருக்கு. ஐயாயிரம் தடவை ஏற்றி இறக்கினால்தான் பதவி உயர்வு என்று விதி. தன்னோடு சேர்ந்தவர்களெல்லாம் மருத்துவமனையிலும் தலைமைச் செயலகத்திலும் தலைமை இயக்குநர் ஆகிவிட்டார்கள், தான் மட்டும் சேர்ந்த இடத்திலேயே நிற்பதாகச் சொன்னார். அடிக்குறிப்புக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. இந்த ஆள் வேலை பார்க்காமல் சம்பளம் வாங்குகிறார் என்று சொல்லவும் முடியாது. வேலைதான் இவரிடம் வராமல் பத்தொன்பது வருஷம் டிமிக்கி கொடுத்திருக்கிறது.

சபையில் கேள்வி எழுப்பினார். மாடி இல்லாத கட்டடத்துக்கு லிஃப்ட் எதற்கு, இந்தச் செலவு யாருக்காக என்று கேட்டு உட்கார்ந்தார். நிதி அமைச்சர் எழுந்து, இந்த அரசு மேலே போகும் என்பதில் உறுப்பினருக்கு நம்பிக்கை இல்லை என்பது இன்று அம்பலமாகிவிட்டது என்றார். ஆளுங்கட்சி வரிசையில் மேசைகள் அதிர்ந்தன. இருந்தாலும் பத்திரிகைகள் விஷயத்தைப் பிடித்துக்கொண்டதால் அரசு ஓர் ஆய்வுக் குழு அமைத்தது. மேல்நிலைக் குழு என்று அதற்குப் பெயர். உறுப்பினர்கள் ஏழு பேர், நாலு கார், மூன்று மாத அவகாசம்.

குழு வந்த அன்று அடிக்குறிப்பும் போயிருந்தார். லிஃப்டில் ஆறு பேருக்குத்தான் இடம் என்பதால் குழு இரண்டு பிரிவாக ஏறியது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பட்டன் அழுத்தும் சத்தம் கேட்டது. நாலு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அதே இடத்தில் ஆறு பேரும் வெளியே வந்து, கொஞ்சம் வேர்த்து, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஏழாமவர் தனியாக உள்ளே போய்விட்டு வந்து தானும் தலையாட்டினார்.

மூன்று மாதம் ஆறு மாதமானது. நூற்றுநாற்பது பக்க அறிக்கை வந்தது. லிஃப்டில் எந்தக் குறையும் இல்லை, குறை கட்டடத்தில்தான் என்பது அதன் முடிவு. ஆகவே, எதிர்க்கட்சி உறுப்பினர் சுட்டிக்காட்டிய வீண்செலவைத் தவிர்க்கும் பொருட்டு, உடனடியாக நாலு மாடி கட்டும்படி குழு பரிந்துரைத்தது. பதினெட்டு கோடி. நிதி அமைச்சர் அதைச் சபையில் படித்துவிட்டு, அக்கறையோடு கேட்ட உறுப்பினருக்கு நன்றி என்று கும்பிட்டார். அடிக்குறிப்பு எழுந்து, நான் மாடி கேட்கவில்லை, கேட்டது வேறு என்று கத்தினார். பலத்த கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. 'உறுப்பினர் எழுந்து நின்று வரவேற்றார்' என்று சபைக் குறிப்பில் ஏறிவிட்டது.

வெளியே தாழ்வாரத்தில் நிதி அமைச்சர் அவர் தோளில் கை போட்டார்.

“அண்ணே, நீங்க ஒண்ணு கேட்டு நாங்க இல்லைன்னுட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.”

விட மனமில்லாமல், அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்த்து நூற்று அறுபத்தெட்டு ஓட்டு. ஆதரித்து இரண்டு. மூன்றாமவர், அதாவது அவருடைய கட்சித் தலைவர், பதினோரு வருஷத்தில் அரசு ஏற்றுக்கொண்ட நம்முடைய ஒரே கோரிக்கையை நாமே எதிர்த்தால் நன்றாயிருக்காது என்று வெளிநடப்பு செய்தார். அந்த வாரமே தொகுதியில் சுவரொட்டி முளைத்தது. நாலு மாடி கண்ட நாயகன் என்று அவர் படத்தைப் போட்டிருந்தார்கள். நாயகனில் எழுத்துப் பிழை இருந்தது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“ஒரு ஆளோட சம்பளத்தக் கேக்கப் போயி, நாலு மாடிய வாங்கிட்டு வந்திருக்கீங்க. இன்னும் நாலு தொகுதி இருக்கு. பாத்துப் படிங்க.”

கட்டட வேலை தொடங்கியபோது இன்னொரு விஷயம் தெரியவந்தது. பழைய அஸ்திவாரம் நாலு மாடியைத் தாங்காதாம். அதனால் பக்கத்துக் காலி மனையில் புதிதாக ஐந்து தளக் கட்டடம் எழுப்பினார்கள். அதில் லிஃப்ட் வைக்கவில்லை. அலுவலகத்துக்கு ஒரு லிஃப்டுதான் அனுமதி, அது ஏற்கெனவே இருக்கிறது என்று கணக்குத் துறை கையை விரித்துவிட்டது. இப்போது மாடி இல்லாத கட்டடத்தில் லிஃப்டும், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மாடியும் அக்கம்பக்கமாக நின்றன. இதைப் பற்றியும் கேள்வி எழுப்பலாமா என்று அடிக்குறிப்பு ஒரு வாரம் யோசித்தார். அரசு இதற்கும் ஒரு தீர்வு காணும் என்ற பயத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்.

நல்லது என்று நடந்தது ஒன்றே ஒன்று. 'மேல்நிலைக் குழு மின்தூக்கியில் ஏறியது' என்று அறிக்கையில் இருந்த வரியைப் பணியாளர் பிரிவு வேறு விதமாகப் படித்துவிட்டது. குழுவை மேல்நிலைக்கு ஏற்றியவர் என்று பாராட்டி, விதியைத் தளர்த்தி, லிஃப்ட்காரரைத் தலைமை இயக்குநர் ஆக்கிவிட்டார்கள். தலைமை இயக்குநரின் அறை புதுக் கட்டடத்தின் நாலாவது மாடியில். காலையில் மாடி ஏறிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே இறங்கி வந்து லிஃப்டைத் திறக்கவேண்டும். அந்த வரியிலிருந்த குழப்பம் அடிக்குறிப்பின் கண்ணில் முதல் நாளே பட்டிருந்தது. இருபத்தாறு வருஷம் பிழை திருத்தியவர், முதல் தடவையாக ஒரு பிழையைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

புதுக் கட்டடம் திறந்து மூன்று மாதம் கழித்து ஒரு வேலையாக அங்கே போனார். நாலாவது மாடிக்கு ஏறும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். அவரைப் போலவே பத்துப் பேர் பத்திரக் கட்டுகளோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சபையின் அடுத்த கூட்டத்தில் அவர் கேட்டது இதுதான்: திருப்பத்துக்கு ஒன்றாக நாலு பெஞ்சு. அரசின் நிதி நிலைமை தற்போது அதற்கு இடம் தரவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் தச்சுக்கடைக்குப் போய் நாலு பெஞ்சு வாங்கினார்கள். திங்கட்கிழமை வண்டி வைத்துக் கொண்டுபோய் இறக்கினால், இனாமாக வரும் பொருளை ஏற்றுக்கொள்ள எங்களிடம் கணக்குத் தலைப்பு இல்லை என்று அலுவலக மேலாளர் மறுத்தார். மரியாதையில்லாமல் மறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே மறுத்தார். பெஞ்சுகள் வாசலில் வெயிலில் கிடந்தன. அடிக்குறிப்பு அவற்றின் பக்கத்தில் திருதிருவென்று விழித்தபடி நின்றார்.

தலைமை இயக்குநர் லிஃப்டைப் பூட்டிவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டார். பதிவேட்டை எடுத்து, ஒரு பக்கம் முழுக்க நிதானமாக எழுதினார்.

“மின்தூக்கி உதிரி பாகம், மரத்தாலானது, நாலு. எழுதியாச்சு சார். இனிமே அது எங்க சொத்து. தூக்குங்க.”

தலைமை இயக்குநர் ஒரு முனை, அடிக்குறிப்பு ஒரு முனை. மனைவி முன்னால் போய் வழி விலக்கினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கடைசி பெஞ்சைப் போட்டதும், மனைவி குனிந்து நாலு காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஒரு கால் கொஞ்சம் குட்டைங்க.”

அடிக்குறிப்பு சட்டைப் பையைத் துழாவி, சிறிதாக மடித்து வைத்திருந்த 'நாலு மாடி கண்ட நாயகன்' சுவரொட்டியை எடுத்து இன்னும் இரண்டு மடிப்பு மடித்துக் காலுக்கடியில் செருகினார். பெஞ்சு ஆடாமல் நின்றது. கீழேயிருந்து பத்திரக் கட்டோடு ஏறி வந்த ஒருவர், யாரையும் ஒன்றும் கேட்காமல், அதில் உட்கார்ந்து மூச்சு விட்டார்.