கையை விடாத குழாய்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லுவேன், சிலது மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள். இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். உச்சிப்புளியைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற ரோட்டில், கடல் பக்கமாக இருக்கிற ஒரு ரிசார்ட்டில் நடந்தது.

எனக்குச் சொந்த ஊர் கடலாடிப் பக்கம். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் மகள் வீட்டுக்கு வந்தவள், சும்மா உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் அந்த ரிசார்ட்டுக்குக் கூட்டிப் பெருக்கப் போனேன். நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள இடம் என் பொறுப்பு. விருந்தாளிகள் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை ஆட்டுவேனே தவிர நாக்கு எழாது. ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது.

குளத்தைப் பார்த்துக்கொள்ள பரமக்குடித் தம்பி ஒருவர் இருந்தார். காலையில் அவர் குளத்தின் அடித்தரையைச் சுத்தம் பண்ணுவதை நான் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். நீளக் கம்பின் நுனியில் சின்னச் சக்கரம் வைத்த ஒரு தட்டு. அதிலிருந்து நீல நிற ஓஸ் ஒன்று வளைந்து வளைந்து போகும். ஓஸில் தண்ணீரை நிரப்பி, குமிழி அடங்கினதும், மறுமுனையைக் குளத்துச் சுவரில் ஒரு சாண் ஆழத்தில் இருக்கிற ஓட்டையில் செருகுவார். ஓஸுக்குள் காற்று புகுந்துவிட்டால் மோட்டார் கத்துமாம். பிறகு தட்டை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போவார். அது போகிற வழியெல்லாம் அழுக்கு காணாமல் போகும்.

நான் பெருக்கினால் தூசி எழும்பி என் மூக்கிலேயே ஏறும். இவர் தண்ணீருக்குள் கலங்காமல் எப்படிப் பெருக்குகிறார்? பெருக்கினது எங்கே போகிறது? பல நாள் மனசுக்குள் வைத்திருந்து, ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். காகிதப்பூச் செடிக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. உள்ளே மோட்டார், கண்ணாடி மூடி போட்ட ஒரு பாத்திரம், அதற்குள் இலையும் முடியும் தங்குகிற கூடை, பக்கத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய உருளை.

"இதுக்குள்ள என்ன இருக்கும், சொல்லுங்க பாப்போம் பெரியம்மா."

"துணி கிணி வச்சு வடிகட்டுவீக."

"மணலு. வெறும் மணலு."

"போங்க தம்பி! மணலைக் கூட்டித்தான் என் இடுப்பு ஒடியுது. அதைப் போயி உள்ள வச்சிருக்கீகளா?"

நிஜமாகவே மணல்தானாம். அழுக்குத் தண்ணீர் மேலிருந்து இறங்கி, மணலில் அழுக்கை விட்டுவிட்டு, சுத்தமாகக் குளத்துக்கே திரும்புமாம். குளத்துத் தண்ணீரை மாற்றுவதே இல்லை, சுற்றிச் சுற்றி அதே தண்ணீர்தான் என்றதும் எனக்கு வாய் மூடவில்லை. மணலில் அழுக்குச் சேர்ந்துவிட்டால் தண்ணீரைத் தலைகீழாக விட்டு அலசுவார். அப்போது ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் காப்பி மாதிரி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். அதற்கான கைப்பிடியைத் திருப்புவதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்த வேண்டும். சிவப்புப் பொத்தானை அமுக்குகிற அந்த வேலையை அவர் எனக்கே கொடுத்துவிட்டார்.

இன்னொரு நாள் ஓஸின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். கவ்விக்கொண்டது! இழுக்க இழுக்க இன்னும் இறுக்கியது. நான் கத்த, "இழுக்காதீங்க பெரியம்மா, இழுத்தா விடாது" என்று ஓடிப்போய் மோட்டாரை அமத்தினார். கை தானாக விடுபட்டது. உள்ளங்கையில் வளையல் மாதிரி சிவப்புத் தடம். அன்றைக்கு இதையே பேசிப் பேசி மகளுக்குக் காது புளித்துவிட்டது.

நான் அடிக்கடி அங்கே போவதைப் பார்த்து எங்கள் மேஸ்திரியம்மா கேலி பண்ணுவாள். "ஏத்தா, மோட்டார் ரூம்புல மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்து வச்சிருக்கியா?"

கச்சான் காற்று மணலை வாரி அடித்த ஒரு நாள். தம்பி குளத்தைச் சுத்தம் பண்ணி, ஓஸைக் கழற்றி, சுவர் ஓட்டைக்கு மூடி போடப் போகிற நேரம், வாசலில் யாருடைய காரோ மணலில் புதைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். யாரும் இறங்காதபடி கயிற்றைக் கட்டிவிட்டு ஓடினார். மூடி அவர் சட்டைப் பையில். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது பத்து வயசுப் பெண்பிள்ளை ஒன்று கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து இறங்கிவிட்டது. நான் உதிர்ந்த காகிதப்பூவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வீல் என்ற சத்தம் பாதியில் அறுந்தது. நிமிர்ந்தால், பிள்ளையின் சடை ஓட்டைக்குள். கன்னம் சுவரோடு ஒட்டி, தண்ணீர் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் போகிறது. தகப்பன் குதித்து, ஒரு கையால் தாடையைத் தாங்கி, மறு கையால் சடையை இழுக்கிறார். "இழுங்க, இழுங்க" என்று தாய் அலறுகிறாள்.

என் உள்ளங்கை சுருக்கென்றது. இழுக்காதீக என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. விருந்தாளிகள் முன்னால் எழாத நாக்கு அன்றைக்கும் எழவில்லை. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"பிள்ளை சாகப் போகுது, இந்தக் கிழவி ஓடுறா பாரு!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

பொத்தானை அமுக்கினேன். மோட்டார் அடங்கியது. திரும்பிப் பார்க்கப் பயந்து, அமுக்கின விரலை எடுக்காமலே நின்றேன். கடல் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு இருமல். அதற்கப்புறம் அழுகை. பிள்ளை அழுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

தாய் ஈரத்தோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு வாசலிலிருந்து ஓடிவந்த தம்பி, பையிலிருந்த மூடியை எடுத்து ஓட்டையில் போட்டார். அன்றைக்கே அந்த மூடியைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினார்கள். மேஸ்திரியம்மா அழுதுகொண்டே, "உன் மாப்பிள்ளையப் பாக்க ஓடுனது நல்லதாப் போச்சுடி ஆத்தா" என்றாள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன்னால் அந்தப் பிள்ளை தாயோடு என்னைத் தேடி வந்தது. "பாட்டி, என் முடி கொஞ்சம் உள்ள போயிருச்சே, அது இப்ப எங்க இருக்கும்?" என்றது. நான் கேட்ட அதே கேள்வி. மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனேன். கூடையில் இலையோடு சுருண்டு கிடந்த முடியைத் தம்பி எடுத்துக் காட்டினார். பிள்ளை பெரிய உருளையை உற்றுப் பார்த்தது. "இதுக்குள்ள என்ன இருக்கும், சொல்லு பாப்போம்?" என்று என் வாயிலிருந்து சத்தமாக வந்தது. விருந்தாளி ஒருவரிடம் நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

இந்த வயசில் இது எதற்கு என்று நினைத்து அன்றைக்குத் தம்பியிடம் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்தால், இன்றைக்கும் என் உள்ளங்கை கூசுகிறது. மெஷின் விவரத்தில் நான் தப்பாக எழுதியிருப்பேன், தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் பிள்ளை இறங்குகிற குளத்தில் அந்த ஓட்டைக்கு மூடி இருக்கிறதா என்றும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.