வல்லாரையில் ஒரு கூடுதல் மேடு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். இப்போது இந்தக் குளிர்நாட்டில், லில்லெஸ்ட்ரோம் நகரில் துப்புரவு வேலை செய்கிறார்.

முதுகலை ஆய்வுக்கு நான் எடுத்தது வல்லாரை. அதிலுள்ள மருந்துச் சேர்மங்களைப் பிரித்து அளக்க வேண்டும். வியாழக்கிழமைகளில் தமிழ்க்கடைக்கு விமானத்தில் வரும் கீரையை அப்பா வேலை முடிந்து வரும்போது வாங்கி வந்தார். ரொம்மன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில், என் அறையில், தான் உடுத்துப் பழசான சாரத்தை விரித்து அதில் கீரையைக் காயவைத்தவரும் அவர்தான். நான் பொடித்து, மெதனோலில் ஊறவைத்து, வடித்து, சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் கருவிக்குக் கொடுத்தேன்.

திரையில் எழுந்த வரைபில் ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒரு மேடு; எதிர்பார்த்த மேடுகளோடு ஒன்று கூடுதலாக நின்றது. வல்லாரை பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. மூன்று முறை ஓடவிட்டேன். மூன்று முறையும் வந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கூட்டத்தில் அதையே காட்டப்போவதாகப் பேராசிரியைக்கு எழுதினேன். அப்பா மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, மகள் புது மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்றார்.

கூட்டத்துக்கு முந்தினநாள் அந்தச் சேர்மத்தின் மூலக்கூற்று நிறை கிடைத்தது. தேடினேன். குர்குமின். மஞ்சளில் இருப்பது.

வீட்டுக்குப் போன வேகத்தில், கீரையை என்ன செய்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன்.

"கழுவினனான். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணியில."

"ஏனப்பா?"

"கீரையெண்டா அப்பிடித்தானே கழுவுறது, பிள்ளை. பூச்சிக்கு மருந்தடிச்சிருப்பாங்கள். உன்ர மெஷினுக்கு நஞ்சு போகக்கூடாதெண்டு ரெண்டுதரம் கழுவினனான்."

கழுவிக் காயவையுங்கள் என்று சொன்னது நான். எதில் என்று சொல்லவில்லை.

"பிழைச்சுப் போச்சோ?"

"ஓம் அப்பா. பிழை என்னிலதான்."

வெள்ளிக்கிழமை அதே வரைபைக் காட்டினேன்; அந்த மேட்டின் மேல் மஞ்சள் என்று எழுதியிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. இனி மாதிரியை எப்படிக் கழுவினாய் என்பதையும் செய்முறையில் எழுது என்றார். ஆறு வார வேலையை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்த வியாழன் அப்பா புதுக்கீரைப் பையைப் பிரிக்காமலே என் முன் வைத்தார்.

"வெறும் பைப்புத் தண்ணி மட்டும்தானே?"

"ஓம்."

கழுவி விரித்தபின் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். புது மருந்து இல்லையாம் என்று தொடங்கினார். நான் தலை குனிந்தேன்.

"நான் போட்டது ஒரு தேக்கரண்டி மஞ்சள். அதையும் பிள்ளை பிடிச்சுப்போட்டாள்."