கமீலாவின் பேணுதல்

எங்கள் தெருவில் ஒரு பெண் வாங்கக்கூடிய பெரிய பட்டம் 'பேணுதலான புள்ள' என்பதுதான். தொழுகை தவறாதவள், ஹலால் ஹறாம் பார்ப்பவள், சுத்தபத்தத்தில் ஒரு துளி சந்தேகமும் வைக்காதவள் என்று அதற்கு அர்த்தம். எனக்கு இந்த ஐம்பது வயது வரைக்கும் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. வாய் நீண்டவளுக்கு அதெல்லாம் கொடுக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு வளவுக் கமீலாவுக்கோ கல்யாணமாகாத குமராக இருக்கும்போதே கிடைத்துவிட்டது.

கமீலா ஆயிஷா உம்மாவின் ஒரே மகள். கல்முனையில் எங்கள் வழக்கப்படி வீட்டை மகளுக்குக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே எடுத்தார்கள். மாப்பிள்ளை றம்ஸீன், மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்காரர்களிடம் நெல் வாங்கி ஆலைக்குக் கொடுப்பவன். தங்கமான பொடியன். ஆனால் மாமியின் வீட்டில் இருக்கிறவனுக்கு எவ்வளவு குரல் இருக்குமோ அவ்வளவுதான் அவனுக்கும். சம்பந்தம் பேச வந்த பெண்களிடம் ஆயிஷா உம்மா, "என்ட மகள் ஒழு எடுக்கப் போனா அரை மணித்தியாலம் செல்லும்" என்று சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன். தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவுகிற ஒழுவுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் தாராளம். வந்தவர்கள் வாயைப் பிளந்து "மாஷா அல்லாஹ்" என்றார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அரை மணி ஒரு மணியானது. அந்த வளவில் தண்ணீர் மோட்டர் ஓடுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும்.

"என்னகா கமீலா, கல்முனைக் கடலயும் இறைச்சு முடிச்சிருவாய் போல?" என்று வேலிக்கு மேலால் பகிடி பண்ணுவேன்.

"முழங்கைல தண்ணி பட்டிச்சா இல்லயா எண்டு சந்தேகமா இரிக்கி ராத்தா" என்பாள். சிரிக்க மாட்டாள். அக்கா முறைக்கு என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

அம்ஹா பிறந்தாள். குழந்தை என்றால் நனைக்கத்தானே செய்யும்? உடுப்பில் நஜீஸ், அதாவது அசுத்தம் பட்டுவிடும், தொழுகை கூடாது என்று கமீலா பிள்ளையை மடியில் வைப்பதையே விட்டுவிட்டாள். அது தவழ்ந்து வந்து கையை நீட்டினால் இவள் சுவரோடு ஒட்டி நிற்பாள். பிள்ளை ஆயிஷா உம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தது. அதையும் தெரு மெச்சியது. பெற்ற பிள்ளையைத் தொடாமல் இருப்பதை மெச்சுகிற ஊரை நான் வேறெங்கும் காணவில்லை.

போன வருஷம், தெரு முனை வீட்டு றஸ்னாவின் உம்மா காலையில் மவுத்தாகிவிட்டார். பின்னேரம் அசர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இறந்தது பெண்ணென்றால் மையித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். றஸ்னா அழுதுகொண்டே ஒரே பிடியாக நின்றாள். "உம்மாவக் கமீலாதான் குளிப்பாட்டணும். அவட பேணுதல் ஆருக்கு இரிக்கி?"

முற்றத்தில் சேலைகளைக் கட்டி மறைத்து, பலகையில் மையித்தைக் கிடத்தி, மேலே வெள்ளைத் துணி போர்த்தினோம். இலந்தை இலை போட்ட தண்ணீரை நான் வார்க்க, கமீலா துணிக்கு அடியால் கையை விட்டுக் கழுவினாள். கையுறை கொடுத்தேன். அதற்குள் அழுக்கு இருக்கும் என்று கழற்றிப் போட்டாள்.

முறைப்படி மூன்று தரம் கழுவினால் போதும். தேவையென்றால் ஐந்து, ஏழு. மூன்று முடிந்ததும் கற்பூரத் தண்ணீரை எடுத்தேன். "இன்னும் சுத்தமாகல்ல ராத்தா, வாருங்க" என்றாள். ஐந்து முடிந்தது. ஏழும் முடிந்தது. அசர் பாங்கு சொல்லிவிட்டார்கள். மறைப்புக்கு வெளியே ஆண்கள் மையித்தைத் தூக்கிப் போகிற சந்தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏன் சுணங்குது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கமீலா மையித்தின் கால் விரல்களுக்கு இடையே தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துத் தேய்த்து, மறுபடி தேய்த்தாள்.

"மெதுவா கமீலா, உம்மாக்கு நோகும்!" என்று றஸ்னா கத்தினாள். மையித்துக்கு நோகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்குமே அது நோவதுபோலத்தான் இருந்தது.

அப்போதுதான் வெள்ளைத் துணியில் சிவப்பைக் கண்டேன். முதலில் ஒரு பொட்டு, பிறகு ஒரு கோடு. இறந்து ஆறு மணித்தியாலமான உடம்பிலிருந்து இரத்தமா? "யா அல்லாஹ்!" என்று ஒருத்தி வெளியே ஓடினாள். கமீலா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். "நஜீஸ் பட்டிட்டு. முதல்ல இருந்து கழுவணும்" என்று தலையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

வாளியைப் போட்டுவிட்டு அவளுடைய கைகளைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கையில் தோல் என்று ஒன்று இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வெளிறி, வெடிப்புகளிலிருந்து இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. மையித்தில் பட்டது இவளுடைய இரத்தம்! கழுவக் கழுவக் கை வெடிக்கிறது, இரத்தம் படுகிறது, பட்டதைக் கழுவ மறுபடி கழுவுகிறாள். இத்தனை நாளும் சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டு இதையா மறைத்துக்கொண்டு திரிந்தாள்?

"விடுங்க ராத்தா! இவ சுத்தமில்லாமக் கபுறுக்குப் போனா அல்லாஹ் என்னத்தான் கேப்பான்!"

அவள் அலறிய அலறலில் வெளியே நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். றஸ்னா இவளுடைய இடுப்பைப் பிடித்து அப்பால் கொண்டுபோனாள். நானும் இன்னும் ரெண்டு பேரும் கடைசித் தண்ணீரை வார்த்து, கபன் துணி சுற்றினோம். பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் அடக்கினார்கள்.

பேணுதலான பிள்ளை மறுநாளே ஜின் பிடித்த பிள்ளையாகிவிட்டாள். ஒரு இரவு போதும் எங்கள் தெருவுக்கு! வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து ஓதிப் பார்த்தார்கள். அவர் ஓதி ஊதிய தண்ணீரில் ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் குளிக்கச் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீரால் சாகிறவளுக்குத் தண்ணீரே மருந்து! எனக்கு வந்த ஆத்திரத்தில் றம்ஸீனைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் பள்ளிக் காலிதீன் மௌலவியிடம் போனேன்.

மௌலவி எல்லாவற்றையும் கேட்டார். "இது பேணுதல் இல்ல ராத்தா. ரசூலுல்லாஹ் ரெண்டு கை கொள்ளுற தண்ணில ஒழு எடுத்தவங்க. சந்தேகம் வந்தா அதுக்குச் செவி குடுக்கப்படா எண்டுதான் கிதாபுல இரிக்கி. இந்தப் புள்ளையால அது ஏலாமக் கிடக்கு. அப்ப இது வருத்தம், நோய். டொக்டர்ட்ட கொண்டு போங்க."

அன்று முதல் தடவையாக றம்ஸீன் மாமியைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தான். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டொக்டர் முஸ்லிம் இல்லை, ஒரு தமிழ்ப் பிள்ளை. கமீலாவின் கைகளைப் பார்த்ததும் அவருக்கே கண் கலங்கியது. தினமும் விழுங்கக் குளிசை கொடுத்தார். "கழுவுறது ஒருக்காத்தான். பிறகும் சந்தேகம் வரும், வரட்டும். திரும்பிக் கழுவாதீங்க" என்றார். "சுகமாயிற்று எண்டு நீங்களா குளிசைய நிப்பாட்டிராதீங்க" என்று எங்களிடமும் சொன்னார்.

நோன்பு வருவதற்குள் மோட்டர் சத்தம் அடங்கியது. கைகளில் புதுத் தோல் வந்தது. ஒருநாள் அம்ஹாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் குசினிக்குள்ளேயே வந்துவிட்டாள். பிள்ளையின் மூக்கில் வடிந்ததைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பி நின்று அழுதேன்.

"ஒழு எடுக்க எவ்வளவு நேரம்கா போகுது?" என்று கேட்டேன்.

"உங்கட அளவுதான் ராத்தா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆயிஷா உம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். கல்யாண வீடு ஒன்றில் யாரோ, "உங்கட மகள் இப்ப சட்டெண்டு தொழுதிட்டு எழும்பிர்றாவே" என்று கேட்டுவிட்டார்களாம். அது முள்ளாகக் குத்தி உள்ளே இருந்துவிட்டது. "குளிசை போட்டதுல இருந்து புள்ளைட ஈமானே குறைஞ்சி போச்சு, அல்லாஹ்ட பயமே இல்ல" என்று என்னிடமே சொன்னாள். நான் கொடுத்த ஏச்சில் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாயை நான் நம்பிவிட்டேன்.

இந்த அறுவடைக்கு றம்ஸீன் மாவடிப்பள்ளியிலேயே தங்கி நெல் ஏற்றிக்கொண்டிருக்கிறான். நேற்று முன்பகல் உலையில் அரிசி போடும்போது அந்தச் சத்தம் கேட்டது. மோட்டர். தொட்டி நிரம்பட்டும் என்று பார்த்தேன். சோறு கொதித்தது, வடித்தேன், மோட்டர் நிற்கவில்லை. அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பைப்படியில் கமீலா குந்தியிருந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் காணவேயில்லை. வாசல்படியில் அம்ஹா ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுது களைத்திருந்தாள். பக்கத்தில் ஆயிஷா உம்மா, துவாயை மடித்துக் கையில் பிடித்தபடி, பெருநாள் முகத்தோடு நின்றாள்.

"குளிசை எங்க?" என்றேன்.

"அத நிப்பாட்டி ஒரு மாசமாகுதுகா" என்றாள் ஆயிஷா உம்மா. "அல்ஹம்துலில்லாஹ், புள்ள பழையபடி பேணுதலா வந்திட்டாள்."