அபெனா கடையில் இறங்கி வந்த கூடை

மரவள்ளிக்கிழங்கு வாங்க வரிசையில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. சும்மா தலையை நிமிர்த்தினேன், கூரையில் கிழங்கு மூட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன, மண்டபம் முழுக்க, வௌவால் மாதிரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜெர்மனியில், ஆகன் நகரில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன், வீட்டில் யாராவது அந்த மாதிரிக் கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள். நீங்கள் சந்தேகப்பட்டால் கோபிக்கமாட்டேன், உங்கள் இடத்தில் நானும் அதையே செய்வேன்.

கடை நெதர்லாந்து எல்லையோரம், நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஒரு சின்ன ஊரில். நடத்துகிற அபெனா கானாவிலிருந்து வந்தவர், ஐம்பது வயதிருக்கும். அது முந்திச் சுரங்கத் தொழிலாளர்கள் உடைமாற்றிய மண்டபம். ஒவ்வொருவருக்கும் ஒரு சங்கிலி, அதன் நுனியில் கம்பிக் கூடை. உடுப்பைக் கூடையில் போட்டு, சங்கிலியை இழுத்துக் கூரைக்கு ஏற்றி, மறுநுனியைக் கீழே பூட்டிவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்குவார்களாம். தரை ஈரம், கீழே வைத்தால் கிழங்கு அழுகிவிடும், அதனால் அபெனா சரக்கெல்லாவற்றையும் அதே கூடைகளில்தான் ஏற்றிவைக்கிறார்.

பக்கத்து ஊர்களிலும் இப்படிக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்தபோது தெரிந்தது. ஒரு ஊரில் நைஜீரியர் ஒருவரின் தையற்கடை, இன்னொன்றில் எரித்திரியப் பெண்ணின் முடிதிருத்தகம். சுரங்கம் மூடி ஊர் காலியாக, வாடகை விழுந்த இடங்களில் இவர்கள் வந்து கடை திறந்திருக்கிறார்கள். இவர்களையெல்லாம் பேட்டி எடுத்து இணையத்தில் ஒரு ஒலித்தொடராகச் செய்தால் என்ன? அன்றைக்கே அபெனாவிடம் கேட்டுவிட்டேன்.

அவர் ஜெர்மனில் சொன்னார்: "பேட்டி தாறன். ஆனா முதல்ல எனக்கு ஒரு வேலை செய்து தா."

வேலை இதுதான். வருகிற சனிக்கிழமை காலை கட்டடப் பொறுப்பாளர் பரிசோதிக்க வருகிறார். எல்லாச் சங்கிலியும் அவர் கண்முன்னால் இறங்கி ஏறவேண்டும், இல்லாவிட்டால் கூரையில் எதையும் தொங்கவிடக் கூடாது. கூரை இல்லாவிட்டால் அபெனாவுக்குக் கடையே இல்லை. மூலையில் ஒரு சங்கிலி மட்டும் அவர் வந்த நாளிலிருந்தே பூட்டிக் கிடக்கிறது, சாவி இல்லை.

"இவ்வளவு நாளும் ஏன் வெட்டேல்லை?" என்று கேட்டேன்.

"இன்னொரு ஆளின்ர உடுப்பு. வந்து கேட்டா என்ன சொல்லுறது?"

சனிக்கிழமை மாமியின் மகன் சுதன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தண்ணீர்க் குழாய் வேலை செய்பவர், அவருடைய வான் வண்டியில் வேலைக்கான எல்லா ஆயுதமும் இருக்கும்.

"ஒரு பூட்டு வெட்டத் தெரியாத இஞ்சினியர். உன்ர படிப்பு வேற என்னத்துக்கடி?" என்றார்.

"நான் வரைஞ்சு தாறன் அண்ணை, வெட்டுறது உங்கட வேலை."

அபெனா சிரித்துக்கொண்டு "ஓம், ஓம்" என்றார். தமிழ் வாடிக்கையாளர்களிடம் அவர் பிடித்துக்கொண்ட ஒரே சொல் அது.

அண்ணை வெட்டுக் குறடு எடுக்க வண்டிக்குப் போனார். நானும் அபெனாவும் அந்தப் பூட்டுக்குப் பக்கத்திலேயே நின்றோம். நம்பினால் நம்புங்கள், அப்போது கூடை இறங்கத் தொடங்கியது. விழவில்லை, இறங்கியது, யாரோ இரண்டு கையாலும் மாறி மாறிச் சங்கிலியை விட்டுக்கொடுப்பதுபோல, நின்று நின்று. தரையைத் தொட்டதும் நின்றது. பூட்டைப் பார்த்தேன், பூட்டியபடிதான் இருந்தது, சங்கிலி அதில் விறைப்பாகத்தான் நின்றது. மறுநுனி பூட்டியிருக்கும்போது அந்தச் சங்கிலியின் நீளத்துக்குக் கூடை தரைக்கு வரவே ஏலாது, நான் கணக்குப் போட்டே சொல்வேன்.

கூடைக்குள் ஒரு சப்பாத்துச் சோடி, ஒரு துவாய், ஒரு சவர்க்காரத் துண்டு. சப்பாத்து தூசி படிந்து வெடித்திருந்தது, துவாய் தொட்டால் பொடியாகிறது. சவர்க்காரம் மட்டும் ஈரம். நுரையோடு, இப்போதுதான் தேய்த்துவிட்டு வைத்தமாதிரி.

அண்ணை வந்து பார்த்துவிட்டுச் சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தார். "இஞ்ச தண்ணி லைன் வெட்டிக் கனகாலம். குழாயே இல்லை." பிறகு பூட்டை வெட்டினார்.

ஆராயலாம் என்று சவர்க்காரத்தை ஒரு பையில் போட்டு நான் எடுத்துக்கொண்டேன். சப்பாத்தையும் துவாயையும் அபெனா ஒரு பெட்டியில் வைத்தார்.

பொறுப்பாளர் வந்தார். மற்றச் சங்கிலியெல்லாம் ஒழுங்காக இறங்கி ஏறின. இது மட்டும் ஏறவில்லை. வெறுங்கூடை, ஒரு சின்னப் பிள்ளை இழுத்தாலே போகும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தொங்கியும் அசையவில்லை. துரு என்றார் அவர். ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை திரும்ப வருவாராம், அதற்குள் ஏறாவிட்டால் மண்டபத்தைப் பூட்டுவாராம். அண்ணை எண்ணெய் விட்டார், கப்பியை ஏணி வைத்துக் கழற்றிப் பூட்டினார். கப்பியில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அபெனா தொலைபேசியில் கேட்டார்: "அந்தச் சவர்க்காரம் உன்னட்டையோ இருக்கு?"

"ஓம்."

"கொண்டு வா. நான் சப்பாத்தையும் துவாயையும் திரும்பக் கூடைக்குள்ள வைச்சிட்டன். கொஞ்சம் ஏறினது. பாதியில நிக்குது."

துரு கொஞ்சம் இளகியிருக்கும் என்றேன்.

பரீட்சை முடியாமல் நான் இங்கிருந்து கிளம்ப முடியாது, அதனால் நாளை மறுநாள், ஞாயிறு காலை, அண்ணையோடு போகிறேன். சவர்க்காரத்தைக் கூடையில் வைத்து இழுத்துப் பார்ப்போம். ஏறினால் அபெனாவின் கடை பிழைக்கும், அதற்கு நான் என்ன விளக்கம் சொல்வேன் என்று பிறகு யோசிக்கலாம்.

இப்போது அந்தச் சவர்க்காரம் என் அறையில் ஹீட்டருக்கு மேலே ஒரு தட்டில் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் நுரைத்திருக்கிறது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இன்றைக்கு நகத்தளவுதான் மிச்சம். ஞாயிறு வரை தாங்குமா என்று தெரியவில்லை.