விதை கண்ணெதிரே, ஒப்புதல் கோயம்புத்தூரில்: திருச்சுழி கிடங்கில் ஒரு சனிக்கிழமை

எங்கள் விதை நிறுவனத்தில் கொள்முதல், இருப்பு, விற்பனை எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கோக்கும் இஆர்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்தில் அதற்கு விதிகள் எழுதிய குழுவில் நானும் ஒருத்தி. திருச்சுழிக் கிடங்கில் எல்லாம் விதிப்படி நடக்கிறது என்று திரை பச்சை காட்டியது. நேரில் பார்த்து மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டலாம் என்று புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை கிளம்பினேன். இதே வேலையாகப் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 6.10க்குப் பஸ். அருப்புக்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர், 7.35க்கு இறங்கினேன். இட்லி, காபி ஐம்பது ரூபாய். 8.20க்குத் திருச்சுழி டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. வியாழக்கிழமை பெய்த மழையில் வழியெங்கும் உழுது போட்ட கரிசல் காடு நனைந்து கிடந்தது. ஒன்பதுக்கெல்லாம் கிடங்கில் இருந்தேன்.

கிடங்குப் பொறுப்பாளர் ஜெய்லானி, பக்கத்து வீரசோழன் ஊர்க்காரர். தலைமை அலுவலகம் என்றதும் நாற்காலியைத் துடைத்துத் தன் பக்கத்திலேயே போட்டார்.

பத்து மணிக்குப் பேச்சியம்மாள் வந்தார். மூன்று ஏக்கர் மானாவாரி, மக்காச்சோள விதை ஆறு பை வேண்டும். "பன்னெண்டரைக்கு வெதைக்கிற டிராக்டரு வருது பாய். இன்னிக்கு விட்டா பந்தல்குடிப் பக்கம் போயிருவாக. திங்கக்கெழம வரைக்கும் ஈரம் நிக்காது."

பில் வரவில்லை. முன்பு வந்த சரக்கு, அதாவது பழைய லாட், தீர்ந்தால்தான் புது லாட்டைத் தொடலாம் என்பது விதி. பழைய லாட்டோ எலி கடித்து, ஒழுகலில் நனைந்து, மூலையில் கிடக்கிறது. அதைக் கணக்கிலிருந்து கழித்துவிடக் கேட்டு ஜெய்லானி இருபது நாள் முன்பே கோரிக்கை அனுப்பியிருக்கிறார். ஒப்புதல் தர வேண்டிய மேலாளர் அதற்கும் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். கோரிக்கை அவருடைய இஆர்பி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது! இந்த அழகான விதியை எழுதியது யார்? நான்தான். ஏசி அறையில் முந்திரி பிஸ்கட் தின்றுகொண்டு எழுதினேன்.

"இப்ப என்ன செய்ய மேடம்?" என்றார் ஜெய்லானி.

"விதிப்படியே போங்க. அரை மணி நேரத்துல நான் பேசி வாங்கித் தர்றேன்."

ஆறு பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் கல்யாண வீட்டில். இன்னொருவர் தனக்கு அந்த அதிகாரம் இல்லை என்றார். உதவி மையத்தில் புகார் பதியச் சொன்னார்கள், திங்கட்கிழமை பார்ப்பார்களாம். அந்த ரகம் ஊரில் வேறு எந்தக் கடையிலும் இல்லை.

"வெத இந்தா கெடக்கு, எடுத்துக் குடுக்க ஆளும் இருக்கு. பெறகு யாரு தாயி வேணாங்கிறது?" என்று பேச்சியம்மாள் என்னைக் கேட்டார். நான் மறுபடி உதவி மையத்துக்குப் போன் போட்டேன். டிராக்டர்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டு, பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பிவிட்டார். பேச்சியம்மாள் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். வெறும் சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மாலை ஐந்துக்கு மூலையில் கிடந்த பைகளை எண்ணினேன். இருபது. திரையில் எட்டுதான் இருந்தது. மீதி பன்னிரண்டு எப்படிக் குறைந்தது என்று கேட்டேன்.

"பழைய லாட்டுன்னு பில்லப் போட்டு, புதுப் பைய எடுத்துக் குடுத்துருவேன் மேடம். சரியான லாட் நம்பர ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பேன். இந்தப் பக்கம் எல்லாக் கிடங்குலயும் இதான்."

"இன்னைக்கு ஏன் செய்யல?"

"நீங்கல்ல பக்கத்துல ஒக்காந்திருந்தீக."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாங்கள் கைதட்டிக் கொண்டாடிய பச்சை முழுக்க இந்த மனிதர் போட்ட பொய்ப் பில். அந்தப் பொய்யால்தான் இங்கே காடுகள் விதைப்பாகியிருக்கின்றன. திங்கட்கிழமை 11.10க்கு ஒப்புதல் வந்தது, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியோடு. ஜெய்லானியிடம் போனில் விசாரித்தேன். பேச்சியம்மாள் விதைக்கு வரவில்லை, காடு காய்ந்துவிட்டது என்றார்.

போகிறவர்களுக்கு: மதிய வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். மழை பெய்த வாரத்தில் போகாதீர்கள். போயே தீர வேண்டுமென்றால், கிடங்குக்காரர் என்ன செய்கிறார் என்று குறிப்பெடுக்கும் முன், நீங்கள் வந்ததால் அவர் எதைச் செய்யாமல் இருக்கிறார் என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். நான் மாலை ஐந்துக்குத்தான் கேட்டேன்.