ஜெர்மன்காரன் லைனில் சாரல்

அஜீசுன்னிசா கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்த முதல் ஐப்பசியிலேயே ஜெர்மன்காரனைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, எப்போதோ மூடிப்போன ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீட்டு வரிசை அது. வரைந்தவன் யாரோ ஒரு ஜெர்மன்காரன் என்பதால் ஊரில் அதற்கு ஜெர்மன்காரன் லைன் என்றே பெயர். அவளுடைய மாமனார் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து வாங்கிய வீடு.

வீட்டில் ஒரே ஒரு குறை. கிழக்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரின் நீளம் முழுக்க, ஒரு சாண் அகலத்துக்கு ஒரு திறப்பு. கதவு கிடையாது, ஒன்றும் கிடையாது. கோடையில் அதன் வழியாகக் கடல் காற்று வந்து வீடே குளிரும். மழைக்காலத்தில் அதே வழியாகச் சாரல் வந்து கட்டில், பாய், அரிசி மூட்டை எல்லாவற்றையும் நனைக்கும்.

"மழைன்னு ஒண்ணு கீதுன்னு அந்தப் பேமானிக்குத் தெரியாதா? வூடு கட்ட வந்தானா, உயிர வாங்க வந்தானா?" என்பாள்.

"காத்து வருதுல்ல, விடேன்," என்பார் கணவர் மதார் சாகிப். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எதற்கும் கோபப்படாதவர். அதுவே அவளுக்குப் பெரிய எரிச்சல்.

"காத்த நீயே வச்சிக்கோ. தண்ணிய எவன் துடைக்கிறது?"

ஒரு வருடம் செங்கல் வைத்து அடைத்தார்கள். சித்திரையில் வீடு அடுப்பாகிவிட, மதார் சாகிப்பே சுத்தியலை எடுத்து உடைத்தார். தார்ப்பாய் கட்டினார்கள். காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய் முருங்கை மரத்தில் மாட்டியது. மகள் மெஹ்னாஸ் பிரசவத்துக்கு வந்தபோது கார்த்திகை மாதம். பச்சைக் குழந்தையின் முகத்தில் சாரல் தெறிக்க, அன்றைக்கு அஜீசுன்னிசா திட்டிய திட்டு ரயில்வே கேட் வரை கேட்டது. அங்கன்வாடியில் சமைத்துவிட்டு வந்து, மழை நாட்களில் ஈரப் பாயைப் பிழிவதே அவளுக்கு இன்னொரு வேலை. பிள்ளைகளும் அந்த ஜெர்மன்காரனைச் சொந்தக்காரன் போலவே நினைத்து வளர்ந்தார்கள்.

போன பங்குனியில் ஜெரின் என்ற பெண் கேமராவோடு வந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. கட்டடக் கலை சொல்லித்தரும் கல்லூரி ஆசிரியை.

"அக்கா, இந்த வீட்ட வரைஞ்சது யாருன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா? அவனத்தானே தெனம் திட்டிக்கினு கீறேன்."

ஜெரின் சிரித்துவிட்டு, அவன் பெயர் எர்வின் லாண்டவர் என்றாள். பெர்லினில் பள்ளிக்கூடங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் கட்டி நல்ல பேரோடு இருந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்று தொழில் செய்யவே தடை போட்டுவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்தத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மதராசுக்குக் கப்பலேறினார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கக் குடையோடு கடற்கரையில் அலைந்துவிட்டுத்தான் இந்த வீடுகளை வரைந்தாராம். பாதி வேலை நடக்கும்போது உலகப் போர் தொடங்கியது. எதிரி நாட்டுக்காரர் என்று இங்கிருந்த வெள்ளைக்கார அரசாங்கம் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது.

கேட்டுக்கொண்டிருந்த அஜீசுன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை.

"இரு கண்ணு. அவனுங்க தொரத்துனதாலதானே இங்க ஓடியாந்தான்? அப்பால அவனுங்க ஆளுன்னு எப்டிப் புடிப்பாங்க?"

"அப்படித்தான் பிடிச்சாங்க அக்கா."

"கேனப்பசங்க."

முகாமிலிருந்து விட்டபோது அவர் இடத்தில் வேறு ஆள் இருந்தார். சில காலம் ராயபுரத்தில் ஒரு வாடகை அறையில் தங்கிக் கிடங்குகளுக்குக் கொட்டகை வரைந்து கொடுத்தார். போர் முடிந்ததும் லண்டனுக்குப் போனவர், சாகும்வரை அங்கே பஸ் நிறுத்தங்களுக்குக் கூரை வரைந்துகொண்டிருந்தார்.

"அங்க மட்டும் கூர போட்டானாக்கும்!"

ஜெரின் அவளை வெளியே கூட்டிப்போய்க் கிழக்குச் சுவரைக் காட்டினாள். திறப்புக்கு மேலே வளைந்த கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றில்தான் அஜீசுன்னிசா துணிக்கொடி கட்டியிருந்தாள்.

"இது சன்ஷேட் வார்க்க விட்ட கம்பி. வரிசையோட கடைசி ரெண்டு வீட்லயும் பாருங்க, சன்ஷேட் இருக்கு. அவர் இருந்தப்போ முடிச்சது அந்த ரெண்டு மட்டும்தான். அவரப் பிடிச்சிட்டுப் போனதும், காண்ட்ராக்டர் சிமெண்ட்ட மிச்சம் பண்ணிட்டு ஓடிட்டான்."

கடைசி வீட்டுப் பூமாரி வசதிக்காரி, தானே கட்டிக்கொண்டாள் என்றுதான் அஜீசுன்னிசா இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"அந்தக் காண்ட்ராக்டர் பேரு இன்னா?"

"தெரியல அக்கா."

"அதான பார்த்தேன். திட்டறதுக்கு ஒரு பேரு கூட இல்ல."

அன்று மதார் சாகிப் டீ கேட்டதற்குக்கூட எரிந்து விழுந்தாள்.

சன்ஷேட்டை இப்போது வார்த்துவிடலாம் என்று அனுமதி கேட்கப் போனாள். ஓர் அலுவலகத்தில், கட்டடம் பழசு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், பழமையான கட்டடம், வெளிச்சுவரில் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

"இடிக்கலாம், ஆனா தொடக் கூடாதா சார்?"

"வீட்ட முதல்ல வரைஞ்சவர்கிட்ட சம்மதம் வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்."

"அவரு லண்டன்ல செத்துப் பூட்டாரு. நீங்க போறீங்களா, நான் போவட்டா?"

ஜெரினும் மனு எழுதிப் பார்த்தாள். பொறுமையாக இருங்கள் என்றாள். புரட்டாசி பிறந்ததும் அஜீசுன்னிசாவின் பொறுமை தீர்ந்தது. கொத்தனாராக இருந்த அக்கா மகன் தவ்ஃபீக்கைக் கூப்பிட்டாள். அவன் பழைய கம்பியைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"எல்லாம் துரு, சாச்சி. புதுசா ஓட்ட போட்டுத்தான் கம்பி சொருவணும். ஓரத்துல பூ டிசைன் வச்சித் தரேன், சோக்கா இருக்கும்."

"டிசைனும் வாணாம், கிசைனும் வாணாம். அந்தாளு கடைசி வூட்ல எப்டி வச்சாரோ, அப்டியே வை."

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த ஜெரின் முதலில் தலையில் கை வைத்தாள். பிறகு பூமாரி வீட்டு மொட்டைமாடியில் ஏறி, சாய்வை அளந்து சொன்னாள். இரண்டே நாளில் வார்த்தாயிற்று. ஈரம் காய்ந்த பிறகும் எந்த அலுவலகத்திலிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை.

ஐப்பசியில் காற்றும் மழையும் ஒன்றாக அடித்த காலையில் ஜெரின் போன் செய்தாள்.

"அக்கா, சாரல் வருதா?"

"மேலேர்ந்து ஒரு சொட்டு இல்ல கண்ணு. கீழதான் ஆறாட்டம் வந்துகினு கீது!"

கோடையில் புதிதாகப் போட்ட ரோடு வாசலைவிட உயரமாக நின்றது. தெருத் தண்ணீர் முழுக்கப் படி தாண்டி வீட்டுக்குள் இறங்கியது. திறப்புக்கு நேர் கீழே, நனையாத கட்டிலில், மதார் சாகிப் கால்களை மடக்கிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அஜீசுன்னிசா புடவையை வரிந்து கட்டினாள். பூமாரியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். இருவரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய்ப் புது ரோட்டின் நடுவில் போட்டு, குடை பிடித்தபடி உட்கார்ந்தார்கள். பின்னால் லாரிகள் எண்ணூர் வரைக்கும் நிற்பதாக ஒரு டிரைவர் வந்து கெஞ்சினார். மாநகராட்சியிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார் வந்து சேரும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.